இரண்டாம் வயலின் நாற்காலி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காங்கயம் பக்கம். வேலை கோவையில். நான்கு வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறேன். சர்ச்சில் வாசிப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், என்னைப்போல வேலைக்குப் போகிறவர்கள் என்று பதினொரு பேர் ஞாயிறுதோறும் சாயிபாபா காலனியில் ஒரு வீட்டு மாடியில் கூடி வாசிக்கிறோம். எனக்குக் கொடுத்திருப்பது இரண்டாம் வயலின். டிசம்பரில் தெரிந்தவர்களை மட்டும் அழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த ஆசை. இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் கிறிஸ்துமஸ் கன்செர்ட்டோவை எடுத்திருக்கிறோம். வேகமான பகுதிகள் எப்படியோ ஓடிவிடுகின்றன. மெதுவான பகுதி வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். முன்னால் நின்று கையசைத்து நடத்த ஒரு கண்டக்டர் இருந்தால்தான் சரிவரும் என்கிறார்கள் பாதிப் பேர். பதினொரு பேருக்கு எதற்கு என்கிறார்கள் மீதிப் பேர்.

நீங்கள் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்த அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் என்ற லண்டன் இசைக்குழுவின் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் நெவில் மாரினர் முன்னால் நின்று கையசைக்கிறார். இன்னொன்றில் ஜோஷுவா பெல் வயலின் வாசித்துக்கொண்டே நடத்துகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மிச்சி, "அந்த மனுசன் ஒண்ணும் வாசிக்காம கையை மட்டும் ஆட்டறாரே, அவருக்கு எதுக்குக் கண்ணு சம்பளம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாமே,
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் அம்மிச்சி கேட்ட அதே கேள்வியை 1950களின் கடைசியில் லண்டனில் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் நீங்கள் பார்த்த குழு.

எல்லோரும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். எண்பது தொண்ணூறு பேர் நடுவில் உட்கார்ந்து, குச்சி பிடித்தவர் சொன்னபடி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வாழ்க்கை. தன் வில்லிலிருந்து என்ன ஒலி வருகிறது என்பதே காதில் விழாது. அந்த அலுப்பில்தான், கண்டக்டர் இல்லாமல் நமக்குப் பிடித்ததை நாமே வாசிப்போம் என்று 1958இல் நெவில் மாரினரின் வீட்டு முன்னறையில் கூடினார்கள். மாடிக்கும் முன்னறைக்கும் என்ன பெரிய வித்தியாசம், சொல்லுங்கள்.

டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி ஒரு தேவாலயம் இருக்கிறது. ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயர்தான் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ். நம் பேச்சில் சொன்னால் காட்டுக்குள் இருக்கிற மார்ட்டின் கோயில். ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவே இருந்த கோயில் என்பதால் வந்த பெயர். அங்கே இசைப் பொறுப்பில் இருந்த ஜான் சர்ச்சில் இவர்களை உள்ளே அழைத்துவந்தார். 1959 நவம்பர் 13ஆம் தேதி முதல் கச்சேரி. கண்டக்டர் கிடையாது. மாரினர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, வில் அசைவாலும் தலையசைப்பாலும் குழுவைக் கொண்டுபோனார்.

இந்த மாரினர் எங்கே உட்கார்ந்து பழகியவர் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1956 முதல் 1968 வரை லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசைக்குத் தலைவர். உங்கள் நாற்காலி, அம்மிணி. கடிதத்தில் 'எனக்குக் கொடுத்திருப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் ஒரு குறை தெரிகிறது. இந்தப் பதில் முழுவதும் அந்தக் குறையைப் போக்கத்தான்.

கண்டக்டர் எதற்கு என்பதை நான் புரிந்துகொண்டது லண்டனிலும் இல்லை, இசைத்தட்டிலும் இல்லை. சத்தியமங்கலத்தில், எங்கள் கோயில் மைதானத்தில். பங்குனியில் வள்ளி கும்மிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மைக் இன்னும் வந்திருக்கவில்லை. ஆசிரியர் நடுவில் நின்று பாட, பெண்களும் பிள்ளைகளும் மூன்று வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். உள்வட்டத்தில் கைதட்டல் ஒரே தட்டாக விழுந்தது. வெளிவட்டத்தில் மட்டும் சோளம் பொரிவதுபோலச் சிதறியது. ஆடுகிறவர்கள் மேல் தப்பே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வட்டத்தின் குறுக்களவு 34 மீட்டர் என்றால், எதிர்ப்பக்கத்துத் தட்டு இந்தப் பக்கம் வந்துசேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். அதைக் கேட்டு அடித்தால் நம் தட்டு பிந்தும். அதைக் கேட்டு எதிர்ப்பக்கம் இன்னும் பிந்தும். ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வெளிவட்டத்துக்காரங்க காதுல கேட்டு அடிக்காதீங்க. என்ற காலைப் பாருங்க."

அம்மிச்சிக்கு இதைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். பெரிய மேடையில் ஒரு ஓரத்து வயலினுக்கும் மறு ஓரத்தில் இருக்கிற பேஸ் என்ற பெரிய தந்திக் கருவிக்கும் 17 மீட்டர் இருந்தால், இருபதில் ஒரு நொடி இடைவெளி. வேகமான இசையில் அது பெரிய நேரம். அங்கே காதை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். அதற்காகவே ஓர் ஆள் நடுவில் நிற்கிறார். உங்கள் மாடியிலோ ஓரத்துக்கு ஓரம் ஏழு மீட்டர்கூட இருக்காது. ஐம்பதில் ஒரு நொடிதான் வித்தியாசம். நீங்கள் உள்வட்டம். சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்பதே காது எட்டுகிற தூரத்துக்குள் உட்கார்ந்து வாசிக்கிற கூட்டம்தான்.

அப்படியானால் மாரினர் ஏன் எழுந்து நின்றார்? அதற்கு இன்னொரு மனிதரைச் சொல்ல வேண்டும். பியர் மோந்தோ. 1913இல் பாரிஸில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' முதன்முதலாக அரங்கேறியபோது, அரங்கமே கூச்சலில் மூழ்கிக் கிடக்க, அசையாமல் நின்று கடைசிச் சுரம்வரை நடத்திக்கொடுத்தவர். 1961இல் தன் எண்பத்தாறாவது வயதில் லண்டன் சிம்ஃபனிக்குத் தலைமைக் கண்டக்டராக வந்தார். இரண்டாம் வயலின் வரிசையில் இருந்த மாரினரிடம், வில்லை வைத்துவிட்டு எழுந்து நின்று ஒழுங்காக நடத்து என்று சொன்னவர் அவர்தான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஹான்காக்கில் அவர் நடத்திய பள்ளிக்குப் போய் மாரினர் முறையாகக் கற்றுக்கொண்டார். அப்போது குழுவும் வளர்ந்துகொண்டிருந்தது. கொரெல்லி காலத்து பரோக் இசையிலிருந்து ஹைடன், மொஸார்ட் சிம்ஃபனிகளுக்கு வந்தார்கள். ஓபோ, ஹார்ன் போன்ற ஊதுகருவிகள் எல்லாம் பின்வரிசையில் சேர்ந்தன. பின்னால் இருப்பவருக்கு முன்நாற்காலியின் வில் தெரியாது. வட்டம் பெரிதாகிவிட்டது.

மோந்தோ முதலில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசித்தவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மாஸ்கோவிலும் இதே கதைதான். 1955இல் மாஸ்கோ சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய ருடால்ஃப் பர்ஷாயும் வயோலாக்காரர். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் 14ஆவது சிம்ஃபனியை அவரை நம்பிக் கொடுத்தார். 1969இல் அது அரங்கேறியது. முதல் வயலின் மெட்டைப் பாடுகிறது, தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ அடித்தளம் போடுகிறது. நடுவில் இருக்கிற இரண்டாம் வயலினும் வயோலாவும் என்ன செய்கின்றன என்று கேட்பவர் கவனிப்பதில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தவருக்கு மேலும் கேட்கும், கீழும் கேட்கும். நெசவில் ஊடை எப்படிப் போகிறது என்று ஓடத்துக்குத் தெரிவதுபோல. அந்த நடுக் காதோடு எழுந்து நின்றவர்கள் இவர்கள். நல்ல சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் என்பவர், வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கும்படி செய்பவர். நான் முப்பது வருடம் இசை கேட்டதில் இதற்கு மாறாக ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

அந்தக் காதின் பலனை 1969இல் மாரினரின் குழு பதிவுசெய்த விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தட்டில் கேட்கலாம். வயலின் தனி வாசிப்பு ஆலன் லவ்டே. நான் அதை முதலில் கேட்டது தேய்ந்துபோன ஒரு நகல் கேசட்டில். ஒப்பணக்கார வீதியில் ஒரு நண்பரின் கடைக்குப் பின்னறை. குளிர்காலத்தின் தொடக்கத்தில் குழு ஒவ்வொருவராக நடுங்கியபடி உள்ளே வரும் இடத்தில், அதுவரை நான் கேட்டிருந்த தட்டுகளில் ஒரே மேகமாக நகர்ந்த ஒலி, இங்கே தனித்தனி ஆட்களாகப் பிரிந்து கேட்டது. ஆனால் பிரிந்தவர்கள் ஒரே குளிரில் நின்றார்கள். அன்று அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டேன்.

குழுவின் மற்ற பெருமைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 500க்கும் மேற்பட்ட பதிவுகள். மொஸார்ட்டைப் பற்றி 1984இல் வந்த 'அமதேயஸ்' படத்தின் இசை இவர்களுடையது. மொஸார்ட்டின் ஒரு சுரத்தைக்கூட மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மாரினர் ஒப்புக்கொண்டார். 1993இல் ஏற்றுமதிச் சாதனைக்கான அரசி விருது பெற்றார்கள். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. திருப்பூர்க்காரர்களுக்கு இதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. மாரினர் லாஸ் ஏஞ்சலஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும், மினசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் இசை இயக்குநராக இருந்து நடத்தினார். 2016 அக்டோபர் 2ஆம் தேதி, 92 வயதில் காலமானார்.

விரைந்து கடக்க மனம் வராத ஒருவர் உண்டு. அயோனா பிரவுன். 1964இல் வயலின் வாசிக்க இக்குழுவில் சேர்ந்தார். 1974இல் குழுவின் இயக்குநர்களில் ஒருவரானார். அவர் கண்டக்டராக முன்னால் போய் நிற்கவில்லை. மாரினர் முதலில் செய்ததுபோல வயலின் வாசித்தபடியே நடத்தினார். வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997 வரை ஒரு பெண்ணையும் முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் உட்கார்ந்த நாற்காலியின் உயரம் தெரியும். 1981 முதல் நார்வே சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவையும் இருபது வருடம் வளர்த்தெடுத்தார். மூட்டுவாதம் விரல்களைப் பிடித்ததும் 1998இல் வயலினைக் கீழே வைக்க நேர்ந்தது. அதன் பிறகும் நடத்தினார். 2004இல் மறைந்தார். மாரினர் நடத்த அவர் வாசித்த, வான் வில்லியம்ஸின் 'வானம்பாடி எழுகிறது' பதிவை இன்று இரவே கேளுங்கள். கடைசியில் குழு மொத்தமும் நின்றுபோய் வயலின் மட்டும் தனியாக மேலே போகும். ஓர் இயக்குநர் தன் குழுவின் மௌனத்தை எவ்வளவு நம்பினார் என்று அங்கே கேட்கும்.

அவரை நினைக்கும்போதெல்லாம் நம் கோவையின் பத்ரப்பன் ஐயாவும் நினைவுக்கு வருகிறார். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைக் கொண்டுவந்து பயிற்றுவித்தவர். 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்மி ஆசிரியர் வெளியே நின்று கையாட்டுவதில்லை. வட்டத்துக்குள் நின்று, பாடிக்கொண்டே, ஆடிக்கொண்டே நடத்துகிறார். 2011இல் அகாடமிக்கு இசை இயக்குநராக வந்த ஜோஷுவா பெல் செய்வதும் அதுதான். மாரினருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். வாசிக்கும்போது பாருங்கள், வில்லை எடுக்கும் முன் மூக்கால் மூச்சு இழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் அடுத்த தாளத்தின் நீளம். குழு அவர் கையைப் பார்ப்பதைவிட அந்த மூச்சைத்தான் அதிகம் வாசிக்கிறது.

இனி உங்கள் கொரெல்லி. கண்டக்டர் வேண்டாம், அம்மிணி. பதினொரு பேருக்கு ஒருவர் முன்னால் நின்றால் எல்லோரும் அவரையே பார்ப்பீர்கள், காது சும்மா இருக்கும். ஆனால் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இசை 1714இல், கொரெல்லி இறந்த மறுவருடம் அச்சானது. முன்னணியில் இரண்டு வயலினும் ஒரு செல்லோவும். அந்த இரண்டு வயலின்களில் மேல் கீழ் இல்லை. மெதுவான முதல் பகுதியில் ஒரு வயலின் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றது அதில் வந்து உரசும். உரசல் வலிக்கும்போது, பிடித்துக்கொண்டு நின்ற வயலின் இறங்கிக் கொடுக்கும். உடனே இறங்கியது போய் மற்றதை உரசும். அந்த இடத்தில் 'இருக்கிறபடியே' என்று கொரெல்லி எழுதிவைத்திருக்கிறார். கமகமோ அலங்காரமோ வேண்டாம், நீட்டிப் பிடி என்று பொருள். கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு இதுதான் கடினம்.

ஆளுக்கொரு பக்கம் போவது அங்கேதான். ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட வெளி இருக்கிறது. அந்த வெளியை ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ண வேண்டாம். மற்றவர் உரசும் வரைக்கும் காத்திருங்கள். உரசல் வந்ததை உடம்பில் உணர்ந்த பிறகு நகருங்கள். அரைவட்டமாக உட்காருங்கள், செல்லோக்காரர் நடுவில். மற்றவர்கள் நின்றே வாசித்தாலும் நல்லது, நின்றால் மூச்சு தெரியும். வில்லை எங்கே மேலே இழுப்பது, எங்கே கீழே இழுப்பது என்று பதினொரு தாளிலும் பென்சிலால் ஒரே மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு முழுக்க, முதல் வயலினை வாசிக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, நடுக் குரல்கள் மட்டும் அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள். தொடங்கும் மூச்சை அன்றைக்கு நீங்கள் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு முதல் வயலின் திரும்பி வரும்போது மாடியில் என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். டிசம்பர் தேதி முடிவானதும் சொல்லுங்கள். அம்மிச்சியையும் கூட்டிவாருங்கள். நான் சத்தியிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்