20 அங்குலப் பலாவுக்கு எத்தனை ஹெச்.பி.?

ஐயா, வணக்கம். 2011 தானே புயலுக்குத் தப்பி, இப்போது காய்ப்பு ஓய்ந்த ஆறு பலா, இரண்டு புளி, வீட்டோரம் சில வேம்பு எங்கள் தோப்பில் உள்ளன. அடிமரத்தின் குறுக்களவு 14 முதல் 20 அங்குலம். அங்கேயே பலகையாக்க, தண்டவாளத்தில் தள்ளி அறுக்கும் சின்ன பேண்ட் சா மில் வாங்க நினைக்கிறேன். ஒரு கடையில் 7 ஹெச்.பி. பெட்ரோல் இன்ஜின் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 15-க்குக் குறையக்கூடாதாம். எது சரி?
— வாசகர், பண்ருட்டி

அன்புள்ள நண்பருக்கு,

7 ஹெச்.பி.யும் 20 அங்குலக் கட்டையை அறுக்கும், ஆனால் மெதுவாக. அறுக்கும் அகலம் இரட்டித்தால், அதே இன்ஜினில் தள்ளும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அவசரப்பட்டுத் தள்ளினால் இன்ஜின் சுற்று விழும், பிளேடு நெளியும், பலகை அலை அலையாக வரும். கடினமான புளியும் இருப்பதால் 13 முதல் 15 ஹெச்.பி. இன்ஜின் வாங்குங்கள். மும்முனை மின்சாரம் கிடைத்தால் 7.5 ஹெச்.பி. மோட்டாரே போதும், பாரம் ஏறினாலும் அது சுற்றை அதிகம் விடாது. பம்புசெட்டுக்கான இலவச இணைப்பில் மட்டும் ஓட்டாதீர்கள்.

ஹெச்.பி. எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் புல்லி. பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 5000 அடி ஓட வேண்டும். பிளேடைச் சுழற்றும் 19 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதைச் சுமார் 5 அடி தள்ளும், ஆகவே நிமிடத்துக்கு 1000 சுற்று வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 3600-ல் ஓடினால் புல்லி விகிதம் 3.6-க்கு 1. அதே புல்லியில் 1500 சுற்று டீசல் இன்ஜினை மாட்டினால் சக்கரம் 400 சுற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் போகும், எத்தனை ஹெச்.பி. இருந்தும் வேலை நடக்காது. சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (இன்ஜின் சுற்று ஏறினால்தான் தானே பிடிக்கும் கிளட்ச்) உள்ள மில்லில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க த்ரோட்டிலைக் குறைத்து அறுக்காதீர்கள், கிளட்ச் வழுக்கிக் கருகிவிடும்.

இன்ஜின் திணறினால் முதலில் பிளேடைப் பாருங்கள். தூள் ரவை போல விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது, உடனே மாற்றிச் சாணைக்கு அனுப்புங்கள். பச்சைப் பலாவில் பால் தூளோடு சேர்ந்து பிளேடின் இரு பக்கமும் அப்பிக்கொள்ளும். பிளேடு சூடேறித் தளரும், அறுப்பு கோணும். சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பலாவுக்கு 10 பாகை ஹூக் (பல்லின் முன்சாய்வு) உள்ள பிளேடு சரி; காய்ந்த புளிக்கு 4 அல்லது 7.

வேம்பில் கொடிக்கம்பி கட்டவோ பலகை மாட்டவோ ஆணி அடித்திருப்பார்கள். பட்டை மூடியிருந்தாலும், வெட்டிய முகத்தில் நீலக்கறுப்பாக ஒரு கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் துண்டை மில்லில் ஏற்றாதீர்கள்.