'அதை ஃபாதரிடம் சொல்லாதே' என்றீர்களே, ஏன்?

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயது. தக்கலைப் பக்கம் ஊர். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், நைட் டியூட்டியும் உண்டு. கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் மாமியார், எட்டு வயது மகள், நான். ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் மாமியார் பேசமாட்டார். அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது), தினமும் ஜெபமாலை, தவக்காலம் நாற்பது நாளும் மீன்கூடக் கிடையாது. கோவில் கட்டிட வரி பாக்கி என்று கொழுந்தனின் கல்யாண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, கோவிலில் வாசிக்காமல் நிறுத்தினார்கள். கடன் வாங்கிக் கட்டினோம். கணக்குக் கேட்டால் 'பங்குச் சாமியாரை எதிர்த்துப் பேசுகிறாள்' என்று பெயர். கடவுளை நம்புகிறேன், இந்த அதிகாரத்தை நம்ப முடியவில்லை. போகாத ஞாயிறுகளில் போனதாகச் சொல்லிவிடுவேன், மகளும் ஆமாம் என்று சேர்ந்து சொல்வாள். அவள் இப்போது 'முதல் நன்மை'க்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகிறாள். அதற்கு முன் ஃபாதரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். 'பாட்டிகிட்ட பொய் சொன்னத பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா அம்மா?' என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. அதையெல்லாம் ஃபாதரிடம் சொல்லாதே என்றேன். அக்கா, நான் கோவிலை விட்டு விலகிவிடலாமா?

பதில்: சாமியார், வரி, மாமியார் என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். மகள் கேட்டதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஆன்மச் சோதனை செய்யச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிள்ளை உண்மையாகவே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். தேடித் தேடி அவள் கண்டுபிடித்த பாவம் அவளுடையதுகூட இல்லை, உங்களுடையது. அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே வந்து நின்றிருக்கிறாள். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் வாயை மூடு என்றீர்கள்.

கேள்வி கேட்டால் கோவிலில் வாயை அடைக்கிறார்கள் என்று எழுதிய அதே கையால்தான் இதையும் எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. உங்கள் வீட்டில் உங்களுக்குக் கீழே இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கேள்வி கேட்டபோது என்ன செய்தீர்கள்?

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் டியூட்டியில் இருந்த ஞாயிறுக்கு மகள் சாட்சி சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 'கோட்டாறு சவேரியார் கோவிலில் பூசை கண்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்' என்று நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். அவள் ஆமாம் போட்டது நீங்கள் வீட்டில் இருந்த ஞாயிறுகளுக்கு. அதனால் நைட் டியூட்டியைக் காரணம் சொல்லாதீர்கள்.

கடமை என்று நீங்கள் போட்ட பட்டியலில் திருச்சபைச் சட்டம் எது, ஊர் வழக்கம் எது, மாமியார் விருப்பம் எது என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புப்படி ஞாயிறுத் திருப்பலி கடமைதான். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனாலும் அந்தக் கடமை தீரும். தகுந்த காரணம் இருந்தால் விலக்கும் உண்டு. இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் வருகிறவள் படுத்துத் தூங்கினால் அது பாவமில்லை. நோன்பு என்று சட்டம் சொல்வது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும், 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது என்கிறது, மீனைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்பது நாளும் மீனை விடுவது நம் பெரியவர்கள் அன்பினால் ஏற்றுக்கொண்ட ஒறுத்தல். அன்பியத்துக்குப் போகாததும் ஜெபமாலை தவறுவதும் சட்ட மீறல் அல்ல. இதை ஒருநாள் பங்குத்தந்தையிடம் நேரில் கேட்டிருந்தால் பாதிப் பாரம் அன்றைக்கே இறங்கியிருக்கும். கேட்காமல் மறைத்தீர்கள்.

ஓலையை நிறுத்திய விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. வறுமையின் காரணமாக யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது சட்டம், திருமணமும் ஓர் அருட்சாதனம்தான். விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். திருச்சபையின் நன்மைக்காகத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை மட்டுமல்ல, சில வேளைகளில் கடமையும் உண்டு என்று அதே தொகுப்பின் 212ஆம் எண் சொல்கிறது. கணக்குக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், கட்டிய ரசீதின் நகலையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் ஆயருக்கு எழுதுங்கள். எதிர்த்துப் பேசுகிறாள் என்ற பெயர் வந்தால் வரட்டும். ஆனால் பூசைக்குப் போய்வந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டே கோவில் கணக்கில் உண்மை கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் குறைதான். நீங்கள் நைட் டியூட்டிக்குப் போகும்போது மகள் யார் பக்கத்தில் படுக்கிறாள்? காலையில் அவளுக்குத் தலைவாரி மறைக்கல்விக்கு அனுப்புவது யார்? அந்த மனுஷியைத்தான் ஏமாற்றுகிறீர்கள், அதுவும் அவர் வளர்க்கும் பேத்தியை வைத்தே. பேசாமல் இருப்பார் என்று பயமா? இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். வீட்டில் மூத்தவர் முகம் கோணினால் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், தங்கச்சி. அதற்காகப் பொய்யை வீட்டுப் பழக்கமாக்கக் கூடாது.

விலகலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அங்கே வேலை பார்த்து, கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம், சாமியார் அல்ல, மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். தான் நம்பியதை அரசருக்கு முன்னாலும் மறைக்காமல் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் உயிரை விட்டார். 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது மாவட்டமே கொண்டாடியது. நீங்கள் நம்பாததைச் சொல்ல ஒரு மாமியாருக்குப் பயப்படுகிறீர்கள். விலகுவதானாலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகுங்கள். நான் விலகச் சொல்லமாட்டேன். பூசை நமக்குச் சாமியார் கொடுத்ததல்ல, அவர் நடத்தும் விதம் பிடிக்கவில்லை என்று விட்டுவிட.

முதலில் இன்றைக்கே மகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். 'சொல்லாதேன்னு சொன்னது அம்மாவோட தப்பு, உனக்கு என்ன சொல்லத் தோணுதோ அதைச் சொல்லு' என்று சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாது, சொன்னால் அவரே திருச்சபைக்கு வெளியே போக வேண்டியதுதான். அதையும் அவளுக்கு விளக்குங்கள். அப்புறம் மாமியாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், மகள் வாயிலிருந்து வரும் வரை காத்திருக்காதீர்கள். குவைத்துக்கும் போன் போடுங்கள், அவர் மகளும்தானே.

முதல் பாவசங்கீர்த்தனத்தன்று உங்களுக்கு டியூட்டி விழுந்தால், இப்போதே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள்.