மாலை வகுப்புக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்களை அழைக்கலாமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தை நடத்தி வருகிறேன். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் 40 பேர் வருகிறார்கள். ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கற்பிக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நான்கு இளைஞர்கள் ஜனவரியில் வந்து, ஆறு வாரம் தங்கி, ஆங்கிலம் கற்பிக்கவும் குழந்தை உரிமைகளைப் பற்றிப் பேசவும் விரும்புவதாக எழுதியிருக்கிறார்கள். போகும்போது மையத்துக்கு ஒரு தொகை தருவதாகவும் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம், ஆனால் அவர்கள் எழுதியிருக்கும் வடிவில் வேண்டாம். வருகைக்கான மாதம், தங்கும் காலம், தரவிருக்கும் பணம், வகுப்பில் அவர்களின் பங்கு ஆகிய நான்கையும் நீங்கள் மாற்றியமைத்த பிறகே ஒப்புதல் கடிதம் போக வேண்டும்.

முதலில் காலம். இந்தியாவின் சுற்றுலா விசாவில் வருபவர், ஊதியமோ வேறு கைம்மாறோ பெறாமல், அதிகபட்சம் ஒரு மாதம் வரையே தன்னார்வப் பணி செய்யலாம். ஆறு வாரம் என்பது அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதற்கு மேல் தங்கிப் பணியாற்ற வேண்டுமானால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றி வேலை செய்வோருக்கென, நிறுவனத்தின் பெயரும் பணியிடமும் குறிக்கப்பட்டு வழங்கப்படும் வேலைவாய்ப்பு விசாவைப் பெற வேண்டும். உங்கள் மையம் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகவில்லை என்றால் அந்த வழியே இல்லை; நான்கு வாரத்துக்குள் திட்டத்தைச் சுருக்குவதே நல்லது. விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால், தங்கள் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவர்களே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி உங்களுக்கு அனுப்பட்டும். அவர்கள் உங்கள் வீட்டிலேயே தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் ‘சி படிவம்’ என்று பலரும் அறிந்த தகவலை, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம் வழியாக நீங்கள் தெரிவிக்க வேண்டும். விடுதிகளுக்கு மட்டுமான விதி என்று நினைத்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை என் ஆலோசனை கறாரானது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு, வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து நன்கொடை வாங்கக் கூடாது. ரூபாயாக, ரொக்கமாக, இங்கேயே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பே; மையத்துக்கென அவர்கள் கொண்டுவரும் மடிக்கணினியும் அப்படியே. பதிவு பெற்ற அமைப்பும் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கின் வழியாகவே அந்தப் பணத்தைப் பெற முடியும். இடையில் ஒன்று: சிங்கப்பூரிலோ லண்டனிலோ வாழும் உறவினர் உதவ முன்வந்தால், அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரா, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமை மாறியவரின் பணம், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுப் பணம்தான்.

அடுத்தது ஜனவரி. ஐரோப்பியக் குளிரிலிருந்து தப்பி வர அது நல்ல மாதமாக இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அது ஊரைவிட்டுப் போகும் மாதம். பொங்கல் முடிந்ததும் சூளைக்குக் கிளம்பும் குடும்பங்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்வது வழக்கம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாதி பிள்ளைகள் இல்லாத மையத்தில் நான்கு வெளிநாட்டவர் நின்று என்ன பயன்? பள்ளி தொடங்கி நிலைபெற்ற ஜூலை அல்லது ஆகஸ்டில் வரச் சொல்லுங்கள். இரண்டு ஆசிரியைகள் உள்ள இடத்துக்கு நால்வர் மிகுதி, இருவர் போதும்.

இனி வகுப்பறை. நல்ல மனத்துடன் வருபவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர், இரண்டாம் வகுப்புப் பாடத்தையே தமிழில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எதிரே தனியாக நின்று ஆங்கிலம் கற்பித்தால், பிள்ளை சிரிக்கும், கைதட்டும், பாட்டைத் திருப்பிச் சொல்லும், எழுத்தை மட்டும் கற்காது. வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அமரவைத்துக் கற்பித்தவர்கள் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள். குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்ததைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் உள்ளூர்த் தன்னார்வலர்களை நம்பியே நடந்தது. ஆகவே உங்கள் இரு ஆசிரியைகளே வகுப்பை நடத்தட்டும்; வந்தவர் அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும். ஆசிரியை கதையைத் தமிழில் சொல்ல, வந்தவர் அதே கதையை எளிய ஆங்கிலத்தில் படிக்கலாம். பிள்ளைகள் வருவதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம் ஆசிரியைகளுடன் ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம். என் கணிப்பில், நான்கு வாரத்தில் மிகுந்த பலன் தரக்கூடியது அந்த ஒரு மணி நேரம்தான். ஏனெனில் விருந்தினர் போன பிறகும் அந்த இரு பெண்கள் அங்கேயே இருப்பார்கள்.

குழந்தை உரிமைகளைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. அதன் பிரிவுகளைப் படம் வரைந்து ஒட்டுவதால் பாதகம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் ஊரில் உரிமை என்ற சொல்லுக்கு உருவம் தருவது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை பிழைப்புக்காகப் பெற்றோருடன் வேறு ஊருக்குப் போனால் அங்கே அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ, ஆண்டின் நடுவில் வந்தது என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். இதைச் சூளைக்குக் கிளம்பும் பெற்றோரிடம் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்களும் உங்கள் ஆசிரியைகளும்தான். வந்தவர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் வகுப்பு, பள்ளி, படிக்கும் நிலை ஆகியவற்றைக் குறித்த ஒரு சிறு அட்டையைத் தயாரிக்க உதவினால், அடுத்த ஜனவரியில் அது பிள்ளையுடனே பயணம் போகும்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “உனக்கு வீட்டில் என்ன கஷ்டம்?” என்று கேட்கும் பயிற்சி. அடியும் கடனும் குடியும் ஊரறிய வெளிவந்த மறுநாள் அந்தக் குழந்தை அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

பாதுகாப்பில் தயவு தாட்சண்யம் கூடாது. ஜெர்மானியரிடம் குழந்தைகளோடு பணிபுரிவோருக்கான விரிவான நன்னடத்தைச் சான்றையும், பிரிட்டனிலிருந்து வருபவரிடம் அனைத்துலகக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றையும் கேளுங்கள். இரண்டும் அந்நாடுகளில் முறையாக வழங்கப்படுபவை. எந்தத் தன்னார்வலரும் எந்தக் குழந்தையுடனும் தனித்திருக்கக் கூடாது, இருட்டியபின் வீடு வரை கொண்டுவிடும் வேலை அவர்களுடையது அல்ல, தொலைபேசி எண் பரிமாற்றம் கூடாது. குழந்தையிடம் யாரேனும் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாக ஐயம் எழுந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. விருந்தினர் மனம் நோகும் என்று மௌனம் காத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் மேல் விழும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தம் சமூக ஊடகக் கணக்குகளில் போடமாட்டோம் என்று வருமுன்னரே கையெழுத்து வாங்குங்கள்.

அவர்கள் தங்கள் பயணத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கும் போக விரும்புவதாகச் சொன்னால் வழிகாட்ட வேண்டாம். கம்போடியாவிலும் நேபாளத்திலும் பெற்றோர் உயிருடன் இருக்கும் குழந்தைகளை, வெளிநாட்டவரின் வருகைக்காகவும் நன்கொடைக்காகவும் இல்லங்களில் சேர்த்த வரலாறு உண்டு. அத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கை ஐ.நா. பொதுச்சபையின் 2019 டிசம்பர் தீர்மானமும் குறிப்பிட்டது.

பதில் கடிதத்தை இன்றே எழுதலாம். ஜூலையில் இருவர், நான்கு வாரத்துக்குள், நன்கொடையின்றி, ஆசிரியைகளுக்குத் துணையாக என்று எழுதி, சான்றிதழ்களின் நகலையும் தூதரகத்தின் பதிலையும் கேளுங்கள். அவை கைக்கு வரும்வரை யாரையும் விமானச்சீட்டு எடுக்கச் சொல்ல வேண்டாம்.