இந்தோனேசியா தன் தலைநகரை ஏன் மாற்றுகிறது?

முதல் காரணம், ஜகார்த்தா மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் போய்ச் சேராததால் வீடு, ஓட்டல், தொழிற்சாலை என்று ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினார்கள். அடியில் நீர் குறையக் குறைய, களிமண் அமுங்குகிறது. வடக்கே முவாரா பாருவில், கடல் சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு பழைய மசூதி தண்ணீரில் நிற்கிறது. படத்தில் பார்த்தாலே மனசு கனக்கும்.

அப்புறம், நாட்டு மக்களில் பாதிக்கு மேல் ஜாவா தீவிலேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அதனால் 2019-இல் அதிபர் ஜோகோ விடோடோ, போர்னியோ தீவின் கிழக்குக் காலிமந்தானைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நிலநடுக்க ஆபத்தும் குறைவு. 2022-இல் சட்டம் வந்தது; நகரின் பெயர் நுசந்தரா.

சரி, அரசு அலுவலகங்கள் போய்விடும். ஜகார்த்தாவின் கோடிப் பேர்? அவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொடுத்து அந்தக் கிணறுகளை மூடுவதுதான் இன்னும் அவசரமான வேலை என்பேன்.