கேளுங்கள், சொல்கிறோம்: ஓடிக்கொண்டே சுட ஆசையா?

ஓடியபடியே, தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து அட்டைக் குறிகளைச் சுடும் ஐ.பி.எஸ்.சி. (இன்டர்நேஷனல் பிராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்) போட்டி வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. வயது 27. டெல்லியில் எங்கே தொடங்குவது?
வாசகர், மயூர் விஹார்

ஆசையில் தப்பில்லை, ஆயுதம்தான் இடிக்கிறது. அந்தப் போட்டிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது 9 மி.மீ. பிஸ்டல். நம் நாட்டில் அது 'புரோஹிபிடெட் போர்', அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. பாயின்ட் 22 பிஸ்டலுக்கும் லைசென்ஸ் வேண்டும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்குத்தான் அது தேவையில்லை. ஆகவே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். துக்ளகாபாத்தில் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் இருக்கிறது. சேர்க்கை, நேரம் எல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் 10 மீட்டர் கிளப் இருந்தால் அதுவும் போதும். முதல் இரண்டு மாதம் சொந்தமாக எதுவும் வாங்காதீர்கள். க்ரிப் உங்கள் கைக்கு எந்த அளவு என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும்.

வீடியோவில் பார்த்த அவசரத்துக்கு ஒலிம்பிக்கில் நெருங்கிய உறவு 25 மீட்டர் ரேபிட் ஃபயர். ஐந்து குறிகள், குறிக்கு ஒரு குண்டு. முதலில் 8 வினாடி, அப்புறம் 6, கடைசியில் 4. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான்.

அந்த ஐ.பி.எஸ்.சி. போட்டியில் எல்லாக் குண்டையும் நடுவில் போட்டவர் தோற்கிறாரே, எப்படி?
வாசகர், கரோல் பாக்

அங்கே புள்ளியை வினாடியால் வகுப்பார்கள். அதுதான் 'ஹிட் ஃபாக்டர்'. அட்டையில் ஏ, சி, டி என்று மூன்று பகுதி. 9 மி.மீ. போன்ற, வேகமும் எடையும் குறைந்த குண்டுகளின் 'மைனர்' ரகத்துக்கு 5, 3, 1 புள்ளி. தவறவிட்டால் 10 கழியும்; சுடக் கூடாத அட்டையில் பட்டாலும் 10 கழியும்.

எட்டு அட்டை, அட்டைக்கு இரண்டு குண்டு என்று வையுங்கள். ஒருவர் பதினாறையும் ஏ-யில் போட்டு 80 புள்ளி எடுக்கிறார். 16 வினாடி ஆகிறது. ஃபாக்டர் 5. அடுத்தவர் பத்து ஏ, ஆறு சி: 68 புள்ளி, ஆனால் 12.5 வினாடி. ஃபாக்டர் 5.44, அவர்தான் முதல். மூன்றாமவர் 11 வினாடியில் பறக்கிறார். ஒன்பது ஏ, ஆறு சி, ஒரு குண்டு காற்றில். 63-இல் பத்து போய் 53, ஃபாக்டர் 4.82, கடைசி. ஒன்றரை வினாடி மிச்சம் பிடித்ததை அந்த ஒரே குண்டு தின்றுவிட்டது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கால் வேகத்தைப் பார்க்கிறார்கள், ட்ரிகர் விரலைப் பார்ப்பதில்லை.

மூன்று வாரமாக ஏர் பிஸ்டல் பழகுகிறேன். வலக்கைக்காரி. பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) எல்லாம் இடப்பக்கம் கீழேயே போய் விழுகிறது. குறி பார்க்கும் சைட்டைத் திருப்பலாமா?
வாசகி, ஆர்.கே. புரம்

சைட் திருகைத் தொடாதீர்கள் அம்மா. சைட் கோணல் என்றால் துளைகள் ஒரே இடத்தில் கொத்தாக விழும். உங்களுடையவை இடது கீழ் மூலையை நோக்கிச் சிதறியிருந்தால், காரணம் கை. சுடும் கணத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள்; மற்ற மூன்று விரல்களும் கூடவே இறுகி, குழல் முனையைக் கீழே தள்ளுகின்றன.

மருந்து வெற்றுச் சுடல். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். குறி இருந்தால் கண் அதற்கு ஓடிவிடும். விரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள சதையின் நடுப்பகுதி மட்டும் ட்ரிகரில் படட்டும். குழல் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட்டையே பார்த்தபடி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 'டக்' என்ற சத்தம் வரும்போது ஃப்ரன்ட் சைட் அசைந்ததா? அசைந்தால் அதுதான் உங்கள் இடது கீழ் பெல்லட். தினம் இருபது நிமிடம் போதும். ஒன்று கவனம்: மேட்ச் பிஸ்டல்களில் இதற்கென்றே 'ட்ரை ஃபயர்' அமைப்பு உண்டு. விலை குறைந்த ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் மோதி உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போகும்.

ரேஞ்சில் பிடித்தபிறகு எட்டு, பத்து வினாடிக்குள் சுட முடியவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கண் மங்கும், கை ஆடும். அந்த நேரத்தில்தான் 'இப்போ!' என்று விரல் வெடுக்கென்று இழுக்கும்.

ஒற்றைக் கண்ணை மூடித்தான் சுட வேண்டுமா?
வாசகர், ஜனக்புரி

வேண்டாம். ஒன்றை இறுக்கி மூடினால் மற்றதும் களைக்கும். சுடும்போது போடும் கண்ணாடியில் குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒளி புகும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெல்லட் உள்ளே சிக்கிக்கொண்டால்?
அதே வாசகர்

குழல் குறியின் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. இன்னொரு கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். 'சார், பாருங்க' என்று பிஸ்டலோடு திரும்பினால் அன்றைக்கு உங்களை வெளியே அனுப்புவார்கள். அனுப்பத்தான் வேண்டும்.