ரெஸ்யூமே மட்டும் போதாது: ஒரு வேலையை முழுதாகச் செய்து காட்டுங்கள்

மார்க் இருக்கிறது, சான்றிதழ்கள் இருக்கின்றன, ரெஸ்யூமேயும் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் அழைப்பு வரவில்லையே என்று கடைசி ஆண்டு மாணவர்கள் பலர் கலங்குகிறார்கள். உங்களோடு விண்ணப்பித்த மற்றவர்களிடமும் அதே மார்க்கும் அதே சான்றிதழும் இருப்பதுதான் காரணம். 2018-ல் தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் ஆளெடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் அவர்கள் சராசரியாக 7.4 விநாடிதான் பார்த்தார்கள். 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்' என்ற வரிகள் அந்த நேரத்தில் கண்ணில் படுவதே அரிது. பட்டாலும், அதை நம்ப ஆளெடுப்பவருக்கு ஓர் ஆதாரமும் இல்லை. அவரே திறந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு வேலையைத்தான் நீங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

எந்த வேலை என்பதை உங்கள் விருப்பம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் குறிவைக்கும் பதவிக்கான விளம்பரங்களில் பதினைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிப் பட்டியலை விட்டுவிட்டு, 'அன்றாடப் பொறுப்புகள்' பகுதியை மட்டும் படித்து, திரும்பத் திரும்ப வரும் பணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வரும் பணி எதுவோ, அதையே சிறிய அளவில் செய்யுங்கள். நிதித் துறை என்றால், பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டு ஆண்டறிக்கைகளை எடுத்து, பணவரத்தை (பணம் எவ்வளவு வந்து போகிறது என்ற கணக்கை) எக்செலில் அமைத்து, இரண்டு பக்கத்தில் உங்கள் முடிவை எழுதலாம். இயந்திரவியல் என்றால், ஒரு பழைய மிக்சி மோட்டாரைப் பிரித்து, பாகங்களை அளந்து, கேட் (CAD) மென்பொருளில் வரைபடமாக்கி, எந்த இடத்தில் தேய்மானம் வருகிறது, ஏன் என்று காட்டலாம். கணினித் துறையினர், டைட்டானிக் கப்பல் பயணிகளில் யார் பிழைத்தார்கள் என்று கணிக்கும் டைட்டானிக் தரவுத்தொகுப்பையும், செய்ய வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் டு-டூ லிஸ்ட் செயலியையும் தவிர்த்துவிடுங்கள். பயிற்சிக்கு அவை நல்லவை. ஆனால் ஆளெடுப்பவர்கள் அவற்றைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒருவருக்காவது உண்மையில் பயன்படும் சின்னக் கருவி அதைவிட மேல்.

செய்த வேலையை எழுதி விளக்குவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கோப்பை ஏற்றிவிட்டு இணைப்பை அனுப்பினால் யாரும் உட்கார்ந்து ஆராய மாட்டார்கள். ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் இரண்டு வரியில் பிரச்சினையும் விடையும் வந்துவிட வேண்டும். அடுத்து ஒரு படம் அல்லது வரைபடம். பிறகு நீங்கள் எடுத்த முடிவுகள்: என்னென்ன வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள். இந்தப் பகுதிதான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும், ஏனென்றால் சிந்தனை தெரிவது இங்கேதான். கடைசியில், இன்னும் சரியாகாதது எது என்று நேர்மையாக ஒரு பத்தி. குறையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டாம். தன் வேலையின் எல்லை தெரிந்தவரைத்தான் நம்பிப் பொறுப்பைக் கொடுப்பார்கள். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று தனியாக எழுதுங்கள். 'நாங்கள்' என்றே எழுதிக்கொண்டு போனால் நேர்முகத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஏஐ கருவியின் உதவி பெற்றிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

அனுப்பும் முன் இணைப்பை உலாவியின் இன்காக்னிட்டோ சன்னலில் (உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சன்னலில்) திறந்து பாருங்கள். கூகுள் டிரைவ் 'அனுமதி தேவை' என்று கேட்டால், பார்ப்பவர் அனுமதி கோரிக் காத்திருக்க மாட்டார், மூடிவிடுவார். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (ஒரு இணையச் சேவையை உங்கள் நிரல் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) ஏறிவிட்டால், கோப்பிலிருந்து அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். அந்தச் சாவியையே ரத்துசெய்து புதிது எடுங்கள். பயிற்சிப் பணியில் கிடைத்த நிறுவனத் தரவை ஒருபோதும் பொதுவில் வைக்காதீர்கள். கற்பனை எண்களைப் போட்டு, அவை கற்பனை என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

இனி அது உரியவர் கண்ணில் பட வேண்டும். ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழேயே இணைப்பை வையுங்கள். அச்சிட்டுப் படிப்பவரும் தட்டச்சு செய்யும்படி முகவரி சின்னதாக இருக்கட்டும். அதோடு நில்லாமல், அந்தத் துறையில் இரண்டு மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவருக்கு நேரடியாக எழுதுங்கள். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியே அதிகம் வருகிறது என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே காட்டினார். சீனியரின் நண்பர், கருத்தரங்கில் பேசியவர் என்று அப்படிப்பட்டவர்களை நாடத் தயங்காதீர்கள்.

மின்னஞ்சல் நூறு சொல்லுக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், என்ன செய்தீர்கள், ஒரே இணைப்பு, ஒரே கேள்வி. 'எனக்கு வேலை இருக்கிறதா?' என்று கேட்டால் அவருக்கு 'இல்லை' என்பதே சுலபமான பதில். 'பணவரத்தைக் கணிக்க இந்த முறையைப் பயன்படுத்தினேன். உங்கள் அணியில் வேறு எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்டால் பேச்சு தொடங்கும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பதில் வந்தால், அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து முடித்து, இன்னொரு மடலில் காட்டுங்கள். பரிந்துரை பெரும்பாலும் அந்த இரண்டாவது மடலுக்குப் பிறகுதான் வரும்.

பெற்றோருக்கு ஒன்று. இன்னொரு சான்றிதழ்ப் படிப்புக்குப் பணம் கட்டும் முன், பிள்ளைக்கு ஆறு வாரம் மாலை நேரத்தை இந்த ஒரு வேலைக்காக விட்டுக்கொடுங்கள். முதல் மூன்று வாரம் வெளியில் தெரியும்படி எதுவும் இருக்காது. அந்த நேரத்தில் 'என்ன ஆச்சு?' என்று தினமும் கேட்காமல், எழுதிய பக்கத்தை வாங்கிப் படித்து, உங்களுக்குப் புரியாத இடத்தைக் கோடிட்டுக் கொடுங்கள். துறை தெரியாத உங்களுக்கே புரிந்துவிட்டால், அது அனுப்பத் தயார்.