காட்டுப்பூ, புல் விதைக் கலவை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, விதைக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு தொழு உரம் போடணும்?

பதில்: ஒரு கூடைகூட வேண்டாம். சத்தான மண்ணில் களையும் முரட்டுப் புல்லும் முந்திக்கொள்ளும். காட்டுப்பூச் செடிகளில் பலவும் மெலிந்த மண்ணிலேயே பிழைக்கப் பழகியவை. உரத்துக்கு ஆகிற உழைப்பைக் களையில் காட்டுங்கள். நிலத்தைக் கிளறித் தண்ணீர் விட்டு, முளைக்கிற களையை மேலாகச் சுரண்டி எடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் விதையுங்கள். கடைசித் தடவை ஆழமாகக் கொத்திவிடாதீர்கள், அடியில் கிடக்கிற களை விதை மேலே வந்துவிடும்.

கேள்வி: 100 சதுர மீட்டர் இடம். எவ்வளவு விதை? கையால் வீசினால் ஒரே இடத்தில் குவிகிறதே?

பதில்: எடையில் 80 பங்கு புல், 20 பங்கு பூ என்ற வழக்கமான கலவை என்றால் சதுர மீட்டருக்கு 4 கிராம், அதாவது 400 கிராம். காய்ந்த மணலை நாலைந்து மடங்கு கலந்துகொண்டால் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். பாதியை நீளவாக்கில், மீதியைக் குறுக்குவாக்கில் வீசுங்கள். பொடி விதை வாளியின் அடிக்கு இறங்கிவிடும், அதனால் நடுநடுவே கையை விட்டுக் கிளறணும். மண் போட்டு மூடவே வேண்டாம். பல பூ விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மிதித்து விட்டால் போதும்.

கேள்வி: புல் எதுக்கு? பூ மட்டும் போடலாமே?

பதில்: போட்டோ எடுக்க அது போதும்! பூச்சிகளுக்கு வாழிடம் வேண்டுமென்றால் புல் வேண்டும். தூர் கட்டி வளர்கிற புல்லின் அடியில்தான் வண்டும் சிலந்தியும் ஒதுங்கும். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்குப் புல்தான் தீனியே.

கேள்வி: எந்தப் பருவத்தில் விதைக்கலாம்?

பதில்: மழையை நம்பும் இடத்தில் மழை தொடக்கத்தில். குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் நல்லது. யெல்லோ ராட்டில் என்ற மஞ்சள் காட்டுப்பூ மாதிரிச் சில விதைகள் குளிரில் ஈரமாகக் கிடந்தால்தான் முளைக்கும். அது புல் வேரிலிருந்து சத்தை உறிஞ்சிப் புல்லை அடக்கும் அரை ஒட்டுண்ணி. அந்த நாடுகளில் புல் மிஞ்சிப்போகும் இடத்தில் கட்டாயம் சேருங்கள்.

கேள்வி: ஒரு வருடம் ஆச்சு, பூவைக் காணோம். விதை மோசமா?

பதில்: அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். பல்லாண்டுச் செடிகள் முதல் வருடம் பெரும்பாலும் வேர்தான் விடும், பூ இரண்டாம் வருடம். அதுவரை களை விதை கட்டுமுன் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை வாரி வெளியே போடுங்கள். அங்கேயே மக்கினால் அதுவே வேண்டாத உரமாகிவிடும்.

கேள்வி: பூ முடிந்ததும் மொத்தமாக வெட்டலாமா?

பதில்: கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவையுங்கள், வருடாவருடம் இடம் மாற்றி. காய்ந்த தண்டின் துளைக்குள், கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள் முட்டையிடும். இன்னொன்று: தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. வெயில் படும் ஓரத்தில் கொஞ்சம் வெறும் தரை இருக்கட்டும், அங்கே விதை வேண்டாம்.